புகையை விற்றவன்

மழைக்கு முன்னால் நோமாவ்
வயலைத் துப்புரவாக்குவான்.
கம்பு விதைக்கிற மண்ணில்
சபராவுக்கு என்ன வேலை
என்று கோடாலியால் கேட்பான்.
அது அப்போது பதில் சொல்லாது.
அடுத்த வருடம்
அதே தூரில் இடுப்புயரம் நின்று சொல்லும்.

சாம்பல் பூத்த பச்சை அதன் இலை.
திருப்பிப் பார்த்தால்
பேனாவை யாரோ உதறிய மாதிரி கரும்பொட்டுகள்.
கசக்கினால் போச்சு,
மூன்று நாளைக்குக் கை நம்முடையது இல்லை.
காயோ,
மயிர் சிலிர்த்த கம்பளிப்பூச்சி.

வெட்டிக் குவித்து
தீக்குச்சி தேடிக்கொண்டிருந்தான்.
தபாவா வந்து நின்றாள்,
தலையில் வெறும் சும்மாடு.
"எரிக்கிறதை எனக்குக் கொடு."
"குப்பைக்கு விலை உண்டா?"
"பத்து டாலா."
அவன் சிரித்த சிரிப்பில்
காவோ மரத்துக் குருவிகள் எழும்பிப் போயின.
அந்தக் காசில் கோலாக் கொட்டை வாங்கி
கன்னத்தில் அடக்கிக்கொண்டு
கிணற்றடியில் எல்லோரிடமும் சொன்னான்:
புகையை விற்றுவிட்டேன், ஐயா, வெறும் புகையை.

சந்தையில் தபாவாவுக்கு அடுத்த சாக்கு என்னுடையது.
பில்மா உப்பு, கொஞ்சம் காரக்கல்.
ஆகவே எனக்குத் தெரியும்
யார் யார் வந்தார்கள் என்று.

பிள்ளை பெற்ற ஏழாம் நாளில் ஒருத்தி:
பாதியைக் கொதிக்கவைத்துக் குளிக்க,
பாதியின் சாற்றில் கூழ் காய்ச்சிக் குடிக்க.
பால் இறங்கும் என்று அனுப்பியிருக்கிறார்கள்.
அவள் பின்னாலேயே ஒரு ஃபுலானி,
அதே கட்டு, அதே காரணம்,
ஆனால் மாட்டுக்கு.
தவிட்டோடு பிசைந்து வைப்பானாம்.
அவன்தான் அதிக நேரம் பேரம் பேசினான்.
வயிற்றோட்டக்காரர்கள் பேரமே பேசமாட்டார்கள்,
நிற்க நேரம் ஏது.

இலையில் பூச்சி கட்டிய முள்வீடுகள் உண்டு,
அவற்றை மட்டும் தனியே
துணியில் முடிந்து வைத்திருப்பாள்.
எதற்கு என்றேன்.
உன் உப்பைப் பார் என்றாள்.

பிறகு ஹர்மத்தான்.
சூரியன் செல்லாக்காசாய் வெளுத்துத் தொங்க
ஊரே இருமியது.
நோமாவின் இருமல் வேறு ரகம்,
நெஞ்சுக்குள் யாரோ வேர் தோண்டுகிற சத்தம்.
சுகாதார நிலையத்துக்கு நடந்தான்.
மருந்துப் பெட்டி இன்னும் வரவில்லை,
நர்ஸ் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள்.
தாளைக் காய்ச்சிக் குடிக்க முடியாதே.

எங்களிடம் வந்தான்.
"ஒரு கட்டு."
"நாற்பது டாலா."
கட்டைத் திருப்பினான், மறுபடியும் திருப்பினான்.
தண்டின் அடியில் சாய்ந்த வெட்டு,
இடது கைக்காரன் வெட்டு.
சுற்றுவட்டத்தில் நாலு ஊருக்கு
இடது கையால் கோடாலி வீசுகிறவன்
இவன் ஒருவன்தான்.

வாயைத் திறந்தான். இருமல் வந்தது.
மறுபடி திறந்தான். மறுபடி இருமல்.
தபாவா சிரிக்கவில்லை,
அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும்.
ஒரு பிடி கொசுறு போட்டாள்.
நான் ஒரு சிட்டிகை காரக்கல் கொடுத்தேன்,
காசு வாங்கிக்கொண்டுதான்.

பத்து நாளில் இருமல் போனது.
இலையாலா, காற்று அடங்கியதாலா,
அவன் மனைவி கலந்த தேனாலா,
போன இருமலைத் தேடிப் போய்
யார் கேட்பது.

இந்த வருடமும் வெட்டினான்.
கொளுத்தவில்லை.
குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு
முப்பது டாலா என்றான்.
பன்னிரண்டு என்றாள் தபாவா,
சும்மாட்டைக்கூட இறக்காமல்.
வெயில் உச்சிக்கு ஏறியது,
பேச்சு இறங்கவில்லை.
எத்தனைக்கு முடிந்ததென்று
இருவரும் எனக்குச் சொல்ல மறுக்கிறார்கள்.